நீரிழிவும் மடிக்காசும்

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



இந்த நேரத்தில் வழக்கமாக நவரைக்கு எந்த ரகம் விதைக்கலாம், புகையானுக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவது பயிர் வைக்கிறவருக்கு வருகிற நோயைப் பற்றி. நீரிழிவு, அதாவது சர்க்கரை வியாதி. அதற்கு என்ன மாத்திரை என்பதை டாக்டர் சொல்லுவார். அந்த மாத்திரைக்கு யார் காசு தருவது, எப்போது தருவது, ஏழைக் குடும்பத்தின் மடியிலிருந்து போகிற சிறு காசு எப்படிப் பெரிய நஷ்டமாக முடிகிறது என்பதைத்தான் நாம் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

ஒரு காலத்தில் இதைப் பணக்கார வியாதி என்பார்கள். மெத்தையில் உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிடுகிறவருக்கு வருவது, மண்வெட்டி பிடிக்கிற நமக்கு எங்கே வரப்போகிறது என்று இருந்தோம். அந்தக் கணக்கு இப்போது பொய்த்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. 2021-ல் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு நீரிழிவு இருந்ததாக அது மதிப்பிட்டது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். ஏழு பேர் உட்கார்ந்திருக்கிற திண்ணையில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் நடவு ஆளாக இருக்கலாம், செய்யூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவராக இருக்கலாம், மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் சிற்பியாக இருக்கலாம்.

வலிக்காத நோய்

இந்த நோயில் ஒரு சங்கடம் உண்டு. பல் வலித்தால் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். தேள் கொட்டினால் கடன் வாங்கியாவது போகிறோம். சர்க்கரை ரத்தத்தில் ஏறி நின்றால் வலி இல்லை. கொஞ்சம் தாகம், கொஞ்சம் சோர்வு, ராத்திரி நாலு முறை எழுந்திருப்பது, அவ்வளவுதான். வெயிலில் வேலை செய்கிறவருக்குத் தாகமும் சோர்வும் புதுசா என்ன? அதனால் மாத்திரையை நிறுத்தினால் அன்றைக்கு ஒன்றும் ஆவதில்லை, மறுநாளும் ஒன்றும் ஆவதில்லை. “உடம்புக்கு ஒண்ணும் பண்ணலியே, இன்னாத்துக்கு மாத்திரை?” என்று மனசு சொல்லுகிறது.

உள்ளே நடப்பது வேறு. ஏரிக்கரையில் நண்டு வளை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பார்த்தால் புல் முளைத்துக் கரை பலமாகத்தான் தெரியும். உள்ளே வளை மேல் வளையாகப் போய், ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரை உட்கார்ந்துவிடும். அதுபோல ஏறின சர்க்கரை கண்ணின் மெல்லிய ரத்தக் குழாய்களையும், சிறுநீரகத்தையும், காலின் உணர்ச்சி நரம்புகளையும் வருஷக்கணக்கில் அரிக்கிறது. ஒருநாள் கண் மங்குகிறது. காலில் முள் குத்தினது தெரியாமல் புண் ஆகி, விரல் கறுக்கிறது. அப்போதுதான் நோய் வந்தது என்று நினைக்கிறோம். நோய் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும்.

இப்போது காசை இதோடு சேர்த்துப் பாருங்கள். வீட்டில் பணமுடை வருகிறது. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், கடைப் பாக்கி, குழுக் கடன் தவணை, மாத்திரை என்று நாலு செலவு காத்திருக்கிறது. இதில் எதைத் தள்ளிவைத்தால் இன்றைக்குத் தொல்லை இல்லை? மாத்திரையைத்தான். கடைக்காரர் கேட்பார், குழுத் தலைவி கேட்பார். மாத்திரை கேட்காது. ஆகையால் ஏழை வீட்டில் முதலில் வெட்டுப்படுவது இந்தச் செலவுதான். அது பத்து ரூபாயாக இருந்தாலும் சரி, நூறு ரூபாயாக இருந்தாலும் சரி.

சுண்டைக்காய் கால் பணம்

“அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மாதானே கொடுக்கிறார்கள்?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். நம் மாநிலத்துக்கு அந்தப் பெருமை உண்டு. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மொத்தமாக மருந்து வாங்கி, கிடங்குகளில் வைத்து, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்புகிற ஏற்பாடு அது. மற்ற மாநிலங்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ராஜஸ்தானில் 2011 அக்டோபர் 2-ஆம் தேதி இலவச மருந்துத் திட்டம் தொடங்கினார்கள்.

ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஒரு கணக்குப் போடுவோம். கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு கூலி விவசாயி, மாதம் ஒரு தடவை செங்கல்பட்டு போய் மாத்திரை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய கூலி போச்சு, 500 ரூபாய். பஸ்ஸுக்குப் போக வர 80 ரூபாய். வரிசையில் நின்று மதியம் ஆகிவிடும், சாப்பாட்டுக்கு 70 ரூபாய். ஆக 650 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்கு 7,800 ரூபாய். சும்மா கிடைத்த மாத்திரைக்கு அவர் தந்த விலை இது. கண் மங்கலானவராக இருந்தால் கூட ஒரு ஆள் போகவேண்டும், அவர் கூலியும் சேரும். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது தாய்மார்களுக்குப் பெரிய உதவி. அப்படியும் ஒருநாள் நடவுக் கூலியை யார் திருப்பித் தருவார்கள்?

சீட்டில் எழுதுகிற கட்டணம் மட்டும் நோயாளியின் பங்கு இல்லை. பஸ் கட்டணம், போன கூலி, வெளியே எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனை, வீட்டில் விரல் குத்திப் பார்க்கிற பட்டை, எல்லாம் பங்குதான். இந்தக் காசு வருஷம் முழுக்க ஒரே மாதிரி கையில் இருப்பதும் இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் நடுவில் கூலி வேலை கிடைப்பது அரிது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் கொக்கிலமேட்டுக்காரரும் சதுரங்கப்பட்டினத்துக்காரரும் கரையில்தான் இருக்கவேண்டும். மழைக் காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை. வருமானம் நிற்கும் மாதத்தில் மாத்திரையும் நிற்கிறது. நோய் மட்டும் நிற்பதில்லை.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பீர்கள். 2009-ல் நம் மாநிலத்தில் தொடங்கிய முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் பெரிய சிகிச்சைக்கு. இருதய அறுவைக்கு உதவும், டயாலிசிஸுக்கு உதவும். மாதாமாதம் விழுங்குகிற மாத்திரைக்கும், அதை வாங்கப் போன நாளின் கூலிக்கும் அந்த அட்டையை நீட்ட முடியாது. கரை உடைந்த பிறகு மணல் மூட்டை போட ஏற்பாடு இருக்கிறது. நண்டு வளையை அடைக்கிற செலவு மட்டும் நம் மடியில் நிற்கிறது.

சீமையில் பார்த்த சோதனை

நோயாளியும் செலவில் ஒரு பங்கு தரட்டும் என்ற யோசனை எல்லா நாட்டிலும் உண்டு. இது நல்லதா, கெட்டதா என்று அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் பெரிய சோதனையே நடத்திப் பார்த்தது. 1974-லிருந்து 1982 வரை நடந்தது. சில குடும்பங்களுக்கு வைத்தியம் முழுக்க இலவசம். மற்றக் குடும்பங்கள் செலவில் ஆளுக்கு ஒரு விகிதம் தரவேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் மாதிரி பிரித்தார்கள்.

என்ன தெரிந்தது? பங்கு தரவேண்டியவர்கள் டாக்டரிடம் போவதைக் குறைத்தார்கள், செலவும் குறைந்தது. சராசரியாகப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் உடல்நலத்தில் அதிக வித்தியாசம் இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேவையில்லாத வைத்தியத்தைக் குறைத்த மாதிரியே தேவையான வைத்தியத்தையும் ஜனங்கள் குறைத்துவிட்டார்கள். எது தேவை, எது வீண் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? ஏழைகளிலும் ஏற்கனவே ரத்தக் கொதிப்பு உள்ளவர்களிலும் பார்த்தால், இலவசமாக வைத்தியம் கிடைத்தவர்களுக்கே ரத்தக் கொதிப்பு நன்றாகக் கட்டுக்குள் வந்தது. ரத்தக் கொதிப்பும் நீரிழிவு மாதிரி வலிக்காத நோய்தான்.

கனடாவில் கியூபெக் என்று ஒரு மாகாணம். அங்கே 1996-ல் முதியவர்களும், அரசு உதவித்தொகையில் வாழ்கிற ஏழைகளும் மருந்துச் செலவில் பங்கு தரவேண்டும் என்று விதி வந்தது. அதன்பிறகு அவசியமான மருந்துகளை முதியவர்கள் நூற்றுக்கு 9 பங்கு குறைத்துக்கொண்டார்கள். ஏழைகள் நூற்றுக்கு 14 பங்கு குறைத்துக்கொண்டார்கள். அவசர சிகிச்சைக்கு ஓடிவந்தவர்கள் கூடினார்கள், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் கூடினார்கள். அரசாங்கம் மருந்தில் மிச்சம் பிடித்தது கட்டிலில் செலவானது.

அமெரிக்காவிலும் பிற்பாடு புரிந்துகொண்டார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் இன்சுலினுக்கு நோயாளி தரும் பங்கு மாதம் 35 டாலரைத் தாண்டக்கூடாது என்று 2023-ல் வரம்பு கட்டினார்கள்.

சூணாம்பேடு காட்டிய வழி

சீமைக் கதை போதும், நம் வட்டாரத்துக்கு வருவோம். செய்யூருக்குத் தெற்கே சூணாம்பேடு இருக்கிறது அல்லவா? அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த காலம். 2019 நவம்பரில்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. சூணாம்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து 42 ஊர்களில், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஒரு காரியம் நடந்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை என்ற அமைப்பு அதைச் செய்தது. நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோ செயற்கைக்கோள் தொடர்பு கொடுத்தது.

ஒரு பெரிய வேன். அதற்குள் கண்ணின் உட்புறத்தைப் படம் எடுக்கும் கருவி, காலில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் பார்க்கும் கருவி, இருதயப் படம் எடுக்கும் கருவி எல்லாம் உண்டு. வேன் ஊருக்குள் வந்து நிற்கும். எடுத்த படம் செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்குப் போகும், அங்கே டாக்டர் பார்ப்பார். சூணாம்பேட்டிலேயே நீரிழிவுக்கென்று ஒரு சிகிச்சை நிலையமும் அமைத்தார்கள்.

இதன் முடிவுகள் 2012-ல் வெளிவந்தன. அந்த 42 ஊர்களில் இருபது வயதைத் தாண்டியவர்கள் 27,014 பேர். அவர்களில் 23,449 பேரைப் பரிசோதித்துவிட்டார்கள், நூற்றுக்கு 87 பேர். வேலைக்குப் போகிற ஜனங்கள் பரிசோதனைக்கு வரமாட்டார்கள் என்று யார் சொன்னது? பரிசோதனை வாசலுக்கு வந்தால் ஜனங்களும் வருகிறார்கள். 1,138 பேருக்கு நீரிழிவு இருந்தது. இன்னும் 3,410 பேர் நோயின் வாசற்படியில் நின்றார்கள். நோயாளிகளில் 1,001 பேரின் கண்ணையும் காலையும் பார்த்தபோது, நூற்றுக்கு 18 பேருக்குக் கண்ணின் பின்திரை கெட ஆரம்பித்திருந்தது. நூற்றுக்கு 31 பேருக்குக் கால் நரம்பு உணர்ச்சி குறைந்திருந்தது. வலிக்காத நோய் உள்ளே செய்த வேலை இது.

மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. ஏ1சி என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 7-ஐ ஒட்டி இருக்கவேண்டும். அந்த ஊர்களில் முதலில் சராசரி 9.3 இருந்தது. ஒரே வருஷத்தில் 8.5-க்கு இறங்கியது. 8.5-ம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊர் ஊராக ஒட்டுமொத்தமாக இவ்வளவு இறங்குவது சாமானியம் இல்லை. சென்னையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு நூறு கிலோமீட்டர் பயணமும், கூலி இழப்பும், சத்திரச் செலவும் மிச்சம்.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் என்ன? கருவி நல்லதுதான், செயற்கைக்கோள் நல்லதுதான். ஆனால் பஸ் கட்டணமும் போன கூலியும் நோயாளியின் தலையிலிருந்து இறங்கியதே, அதைக் கவனியுங்கள். அதே எண்ணத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தை அரசு தொடங்கி, மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையைத் தன்னார்வப் பெண்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு அது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது.

சும்மா கிடைத்தால் மதிப்பில்லையா?

“சும்மா கொடுத்தால் மதிப்பு இருக்காது, ஒரு பத்து ரூபாயாவது வாங்கினால்தான் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள்” என்று படித்தவர்களே சொல்வதுண்டு. அம்மைத் தடுப்புக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் நாம் காசு கொடுத்தோமா? மதிப்பில்லாமல் போயிற்றா? பெரியம்மை ஒழிந்தது, போலியோ ஒழிந்தது. காசு வாங்கியிருந்தால் எத்தனை குழந்தைகள் விட்டுப்போயிருக்கும்?

அரசாங்கக் கஜானாவும் அட்சய பாத்திரம் இல்லை என்பதும் நியாயமே. எங்கேயாவது பங்கு வாங்கத்தான் வேண்டும் என்றால், எங்கே வாங்கலாம் என்று யோசிப்போம். தனி அறை கேட்கிறவரிடம் வாங்கலாம். அதே மருந்தை இந்தக் கம்பெனிப் பேரில்தான் வேண்டும் என்கிறவரிடம் வாங்கலாம். மாதாந்திர மாத்திரையிலும், சர்க்கரைப் பரிசோதனையிலும், இன்சுலினிலும், வருஷத்துக்கு ஒருமுறை கண்ணும் காலும் பார்ப்பதிலும் ஏழையிடம் கை நீட்டக்கூடாது. அங்கே வாங்குகிற பத்து ரூபாய், பின்னால் டயாலிசிஸில் பல மடங்காகத் திரும்பி வரும்.

பங்கு போடுவது நமக்குப் புதிதில்லை. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். ஏரிக்கு வரத்துக்கால் வெட்ட, மதகைச் செப்பனிட, கரையைப் பலப்படுத்த, ஊர்க்குடிகள் ஆள் தந்தார்கள். குடிமராமத்து என்று பேர். 1858-ல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமே போட்டார்கள். ஐந்து காணி வைத்திருக்கிறவருக்கும் கால் காணி வைத்திருக்கிறவருக்கும் அதில் ஒரே அளவு இல்லை. மழைக்கு முன்னாலேயே வேலை முடியும். கரை உடைந்து யார் நிலத்தில் தண்ணீர் புகுந்ததோ அவரே கட்டிக்கொள்ளட்டும் என்று எந்த ஊரிலும் சொன்னதில்லை.

குப்பத்துக் கணக்கும் அப்படித்தான். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஒரு பங்கு. பாடு வந்த பிறகுதான் பங்கு பிரிப்பார்கள். வலை வெறுமையாக வந்த அன்றைக்கு யாரும் யாரிடமும் பங்கு கேட்பதில்லை. வைத்தியச் செலவிலும் இதுதான் முறை. இருக்கிறவர், இருக்கிற காலத்தில், வரியாகத் தரட்டும். படுத்திருக்கிறவரிடம், பாடில்லாத மாதத்தில் கேட்கவேண்டாம். நம் நாட்டில் மொத்த மருத்துவச் செலவில் ஜனங்கள் நேராகத் தங்கள் கையிலிருந்து தந்தது 2013-14-ல் நூற்றுக்கு 64 பங்காக இருந்தது. 2021-22-ல் 39 பங்காகக் குறைந்தது. சரியான திசையில் போகிறோம், ஆனால் 39 என்பதும் ஏழைக்குப் பெரிய பாரம்.

நாம் செய்யவேண்டியது

அரசாங்கம் செய்வது ஒருபக்கம் இருக்கட்டும். நம் கையிலும் சில காரியங்கள் இருக்கின்றன. இவற்றை வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை.

இரண்டு. நோய் இருப்பது தெரிந்தால், பக்கத்தில் எங்கே மாத்திரை கிடைக்கும், வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் பட்டியலில் உங்கள் பேர் இருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினால், அதே மாத்திரையை உள்ளூரிலேயே தரமுடியுமா என்பதைச் சொல்லுவார்கள்.

மூன்று. பணமுடை வந்தால் மாத்திரையைப் பாதியாக உடைப்பதும், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவதும் கூடாது. இன்சுலினை நிறுத்தவே கூடாது, அது உயிருக்கே ஆபத்து. “ஐயா, இந்த மருந்து வாங்க எனக்கு வசதி இல்லை” என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். விலை குறைந்த மருந்து இருக்கும். மெட்ஃபார்மின் மாதிரி பழைய மருந்துகள் விலையும் மலிவு, குணமும் நல்ல குணம். கம்பெனிப் பேரைப் பார்க்காமல் மருந்தின் பேரைப் பார்த்து, மக்கள் மருந்தகம் போன்ற கடைகளில் கேட்டு வாங்கினால் பாதிக்கு மேல் மிச்சமாகலாம்.

நான்கு. வருமானம் நிற்கும் மாதங்களை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். விதைநெல்லை எடுத்து வைக்கிற மாதிரி, மழைக் காலத்துக்கு முன்னாலேயே மாத்திரை கையிருப்பைச் சரிபாருங்கள். ரோடு துண்டித்துப் போனாலும் இரண்டு வாரத்துக்கு இருக்கட்டும்.

ஐந்து. இன்சுலினுக்காகக் குளிர்பெட்டி வாங்கக் கடன் படவேண்டாம். உபயோகத்தில் இருக்கும் மருந்துக்குப்பியை, தண்ணீர் உள்ளே போகாதபடி ஒரு டப்பாவில் மூடி, ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் நிழலில் வைத்தால் கோடையிலும் சூடு தாக்காது. எத்தனை நாள் வைக்கலாம் என்று நர்ஸம்மாவைக் கேட்டு, குப்பியின் மேல் தேதி எழுதிவிடுங்கள். உறையவைத்த இன்சுலின் உதவாது.

ஆறு. காலைப் பாருங்கள். இதற்குக் காலணாச் செலவில்லை. சேற்றிலும் உப்பளத்திலும் சுடுமணலிலும் நடக்கிற கால் நம் கால். ராத்திரி கால் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். கொப்புளமோ வெடிப்போ இருந்தால், வலி இல்லையே என்று விட்டுவிடாமல் அன்றே காட்டுங்கள். வெளியில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

ஏழு. ‘ஒரே மாதத்தில் சர்க்கரை அடியோடு போகும்’ என்று சந்தையிலும் செல்போனிலும் விற்கிற பொடிகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். சும்மா கிடைக்கும் மாத்திரையை விட்டு, ஆயிரக்கணக்கில் பொடி வாங்கி, கடைசியில் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

எட்டு. இது தாய்மார்களின் சுயஉதவிக் குழுக்களுக்கு. உங்கள் தெருவில் சர்க்கரை நோயாளிகள் எட்டுப் பேர் இருந்தால், வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து ஒரே வண்டி பேசிக்கொண்டு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கண், சிறுநீர், கால் மூன்றையும் ஒரே நாளில் பார்த்து வர முடியுமா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக் கூலியை வசதி உள்ளவர் கூடவும் இல்லாதவர் குறையவும் போடுங்கள். அது நல்ல பங்கு.

கடைசியாக ஒன்று. அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராம சபை கூடுகிறதே, ரோடு, விளக்கு, தண்ணீர் எல்லாம் பேசுகிறோம். அதோடு இதையும் எழுந்து கேளுங்கள். நம் துணை சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை எந்தெந்த மாதம் தீர்ந்துபோனது? வேலை முடிந்து வருகிறவர்களுக்குச் சாயந்திரம் ஒருநாள் பார்க்க முடியுமா? கண் படம் எடுக்கும் வண்டி நம் ஊருக்கு எப்போது வரும்? தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். சூணாம்பேட்டில் முடிந்தது திருக்கழுக்குன்றத்திலும் புதுப்பட்டினத்திலும் முடியாதா என்ன?

மழைக்கு முன்னால் கரையைச் சுற்றிப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவரிடம், “அப்பா, இந்த மாசம் மாத்திரை இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள். காசு இல்லாததால்தான் நிறுத்தினேன் என்பதை அவர் தானாகச் சொல்லமாட்டார்.